குடலிறக்கம்: தையலா, வலையா?



சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த ஓரிடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். காண்டா வாளியில் பால் சுமந்த தோள். தொடையிடுக்கில் எலுமிச்சையளவு வீக்கம். நின்றால் தெரியும், படுத்தால் மறையும். "டாக்டர் ஐயா, என் அண்ணனுக்கு அந்தக் காலத்தில் தைத்தார்கள். மறுபடியும் இறங்கிவிட்டது. எனக்கு எதற்கு?" என்றார். நியாயமான கேள்வி.

வயிற்றுச் சுவரின் அடிப்பகுதி நலியும்போது குடல் பிதுங்குகிறது. சுமை மட்டும் காரணமன்று. பிறவிப் பலவீனம், வயது, ஓயாத இருமல் ஆகியவையும் சேரும். இத்தாலியரான பாஸ்ஸினி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையில், விலகி நிற்கும் தசையை இழுத்துக் கீழேயுள்ள நாரோடு தைப்பார்கள். இழுத்துத் தைத்த துணி எங்கே விடும்? தையலில்தான். கனடாவின் ஷோல்டைஸ் முறையில் அடுக்கடுக்காகத் தைப்பதால் நன்றாக நிற்கிறது. ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

அமெரிக்கரான லிக்டென்ஸ்டைன் 1980களில் வேறுவழி கண்டார். இழுக்காமல், பாலிப்ரொப்பிலீன் வலையால் ஒட்டுப்போட்டார். வலைக்கண்களுக்குள் உடலின் சொந்தத் திசுவே வளர்ந்து இறுகிவிடுகிறது. மலிவான கொசுவலைத் துணியும் இதற்கு உதவுமா என்று உகாண்டாவில் 302 ஆடவரிடம் சோதித்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவின்படி, அந்த வலை வைத்தவர்களில் ஓராண்டுக்குள் ஒருவருக்கே குடல் மீண்டும் இறங்கியது. அதற்காக வீட்டுக் கொசுவலையை யாரும் எடுத்து வந்துவிடாதீர்கள்!

சிறு துளைகள் வழியே வலை வைக்கும் முறையும் உண்டு. வேலைக்கு விரைவில் திரும்பலாம். இருபுறமும் இறங்கியவர்களுக்கும், முன்பு திறந்து தைத்தும் மீண்டும் இறங்கியவர்களுக்கும், பெண்களுக்கும் பெரும்பாலும் அதுவே ஏற்றது. ஆனால் பொதுவாக முழு மயக்கம் கொடுக்க வேண்டும். நம் பெரியவருக்கோ பழைய புகைப்பழக்கத்தின் இருமல். ஆகவே அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, திறந்து வலை வைப்பதே நல்லது என்றேன். சிலருக்கு மாதக்கணக்கில் வலி நீடிப்பதுண்டு, அதையும் மறைக்கவில்லை.

"வலை துருப்பிடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்காது என்றதும் சம்மதித்தார்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். வீக்கம் உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்தால், குடலுக்கு இரத்தம் போவது தடைப்படலாம். அழுத்தித் தள்ளிப் பார்க்காமல், விடியட்டும் என்று காத்திராமல், அந்த நேரமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.