இனாமா? கூலியா?

(கோடம்பாக்கத்தில் தோழர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், ஓட்டலில் சாப்பிட்டு எழுந்த பிறகு சர்வருக்கு எவ்வளவு டிப்ஸ் வைப்பது என்பதாகும். இதைக் கேட்டதும் சிலர் சிரிப்பது நமக்குத் தெரிகின்றது. "கடவுளையும், ஜாதியையும், சாஸ்திரத்தையும் பற்றிப் பேச வேண்டியவர்கள் சோம்புத் தட்டில் வைக்கும் பத்து ரூபாயைப் பற்றியா பேசுவது?" என்று நினைக்கலாம்.

ஆனால் இந்த நாட்டில் சோற்றுக் கடை என்பது ஒரு நாளும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதிலேதான் மேல் ஜாதி, கீழ் ஜாதி என்பது கண்ணுக்குத் தெரியும்படி நின்றது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவர்களுக்குத் தனியிடம் என்றிருந்த ஏற்பாடு, பெரியாரும் தோழர்களும் விடாமல் கண்டித்து வந்ததன் பேரில் 1941ல்தான் ஒழிந்தது. அதற்குப் பிறகும் ஓட்டல் பலகைகளில் "பிராமணாள்" என்ற எழுத்து போகவில்லை. 1957ல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் முன்னால் நாள் தவறாமல் மறியல் செய்து, நூற்றுக்கணக்கானவர்கள் கைதாக வேண்டியிருந்தது. இவ்வளவும் உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் மானத்துக்காக நடந்தவை. அந்த மேஜையின் பக்கத்தில் நின்று பரிமாறுகிறவனின் மானம் என்ன ஆயிற்று என்று நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அதைத்தான் இன்று கேட்கப் போகிறோம்.

இந்தப் பேச்சுக்குக் காரணமாயிருந்த சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற மாதம் நாங்கள் ஐந்து பேர் இதே கோடம்பாக்கத்தில் ஆற்காடு சாலைப் பக்கமுள்ள ஓர் ஓட்டலில் சாப்பிட்டோம். பில் 640 ரூபாய் வந்தது. ஒரு தோழர் பத்து ரூபாய் போதுமென்றார். இன்னொருவர் ஐம்பதாவது வைக்க வேண்டுமென்றார். மூன்றாமவர், "டிப்ஸ் கொடுப்பதே தப்பு. அது ஒரு தொழிலாளியைப் பிச்சைக்காரனாக்குவது. சுயமரியாதைக்காரன் பிச்சை வாங்கவும் கூடாது, போடவும் கூடாது" என்றார். அது எங்களுக்கு வெகு நேர்த்தியாகப் பட்டது. பணமும் மிச்சமாகி, கொள்கையும் நிறைவேறுவதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஒன்றும் வைக்காமல் எழுந்ததோடு, அந்தச் சர்வரைக் கூப்பிட்டு எங்கள் கொள்கையை அவருக்குப் போதிக்கவும் செய்தோம்.

அவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா என்னை வேலைக்குச் சேர்க்கும்போதே, சம்பளம் இவ்வளவுதான், டேபிள்ல வர்றது உனக்குன்னு கணக்குப் பண்ணித்தான் முதலாளி சேர்த்தாரு. நீங்க வைக்காம விட்டது அவரு பையிலேருந்து போகலீங்க. என் பையிலேருந்து போயிடுச்சு."

எங்கள் ஐந்து பேருக்கும் பதில் வரவில்லை. திரும்பிப் போய் ஐம்பது ரூபாய் கொடுத்தோம். அவரும் வாங்கிக் கொண்டார். ஆனால் அதனால் அவர் கேட்ட கேள்வி தீர்ந்துவிடவில்லை.

தோழர்களே! இந்த டிப்ஸ் என்பதற்கு நம் நாட்டில் இருந்து வந்த பெயர் இனாம், பக்ஷீஸ் என்பவையாகும். மேலே இருப்பவன் மனம் குளிர்ந்தால் கீழே இருப்பவனுக்குத் தூக்கிப் போடுவது என்பதே அதன் அர்த்தம். நாம் டாக்டருக்கு டிப்ஸ் வைக்கிறோமா? பாங்கு குமாஸ்தாவுக்கு வைக்கிறோமா? சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு வைத்தால் அதற்கு லஞ்சமென்று பெயர். கொடுத்தவனும் வாங்கினவனும் ஜெயிலுக்குப் போக வேண்டும். இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். புரோகிதர் நெருப்பில் நெய்யை ஊற்றிவிட்டுத் தட்டை நீட்டினால், நாம் தட்சிணை வைத்து, வாங்குகிறவர் காலிலும் விழுகிறோம். சர்வர் நம் இலையில் சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டைக் கொண்டு வந்தால், வாங்குகிறவர் நமக்குச் சலாம் போட வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். நெருப்பில் ஊற்றினது யார் வயிற்றுக்கும் போகவில்லை. இலையில் போட்டது நம் வயிற்றுக்குப் போயிற்று. அப்படியிருக்க, குனிய வேண்டியவன் யார், நிமிர வேண்டியவன் யார் என்பதை எதைக் கொண்டு தீர்மானித்தோம்? செய்த வேலையைக் கொண்டா, செய்தவனுடைய நிலைமையைக் கொண்டா?

நிற்க, இந்தக் கேடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, விடுதலை பெற்ற கறுப்பு மக்களை ரயிலிலும் ஓட்டலிலும் வேலைக்கு வைத்துக் கொண்ட முதலாளிகள், சொற்பக் கூலியைக் கொடுத்து, மீதியைப் பிரயாணிகளிடம் பல்லைக் காட்டி வாங்கிக் கொள்ளும்படி விட்டார்கள். புல்மேன் கம்பெனியின் ரயில் வண்டிச் சிப்பந்திகள் இப்படித்தான் பிழைத்தார்கள். அவர்கள் 1925ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, பன்னிரண்டு வருஷம் போராடி, 1937ல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். மாதம் 400 மணி நேர வேலை 240 மணியாகக் குறைந்தது, கூலியும் உயர்ந்தது. எவ்வளவு பல்லைக் காட்டியும் கிடைக்காதது சங்கத்தால் கிடைத்தது.

அந்த நாட்டிலேயே டிப்ஸ் கூடாதென்று 1909ல் வாஷிங்டன் மாகாணம் சட்டம் செய்தது. வேறு சில மாகாணங்களும் பின்பற்றின. 1926க்குள் எல்லாம் ரத்தாகிவிட்டன. இன்று அங்கே மத்திய சட்டப்படி சாதாரணக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியதோ 2 டாலர் 13 சென்ட்தான். இந்த 2 டாலர் 13 சென்ட் 1991லிருந்து ஏறவேயில்லை. டிப்ஸ் போதாமல் போனால் மீதியை முதலாளி ஈடு செய்ய வேண்டுமென்று சட்டத்தில் இருக்கிறது என்றாலும், முதல் பாரம் சாப்பிட வந்தவன் தலையில்தான். அதனால்தான் அங்கே நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று வைக்க வேண்டியிருக்கிறது.

"டிப்ஸ் இல்லாவிட்டால் மரியாதையாகப் பரிமாற மாட்டார்களே" என்று சொல்லுகிறவர்கள் ஜப்பானைப் பார்க்கட்டும். அங்கே டிப்ஸ் வைக்கும் வழக்கமில்லை. வைத்துவிட்டுப் போனால், மறந்து விட்டுவிட்டதாக நினைத்துத் துரத்திக் கொண்டு வந்து கொடுப்பார்கள். அதனால் அங்கே பரிமாறுவதில் மரியாதைக் குறைவு ஏதும் உண்டாகவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சில வருஷங்களாகப் பெரிய ஓட்டல்களில் "சர்வீஸ் சார்ஜ்" என்று பில்லிலேயே நூற்றுக்கு ஐந்து, பத்து என்று சேர்த்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கிறவர், சர்வருக்குத்தான் போகிறதென்று நினைத்துத் தட்டில் ஒன்றும் வைப்பதில்லை. அது சர்வர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது முதலாளிக்குத்தான் தெரியும். இப்படிக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ல் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. ஓட்டல் முதலாளிகளின் சங்கங்கள் டில்லி ஐகோர்ட்டுக்குப் போய் முதலில் தடை வாங்கின. ஆனால் 2025 மார்ச் 28ல் அந்தக் கோர்ட் ஆணையத்தின் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. ஆகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால், எடுக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. எடுக்காவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். இதைச் சர்வரிடம் சத்தம் போட்டுக் கேட்காதீர்கள். பில்லைப் போட்டவர் அவர் அல்ல, மானேஜரிடம் கேளுங்கள்.

மேலும், டிப்ஸ் என்பது முதலாளி கொடுக்கும் சம்பளமல்ல, சாப்பிட வந்தவர் தாமாகக் கொடுப்பதே என்று சுப்ரீம் கோர்ட்டும் 2016ல் ஒரு வருமான வரி வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படியானால் அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதற்கு என்ன நியாயம்? 1948லேயே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1958ல் இந்த மாகாணத்தில் ஓட்டல் வேலைக்கென்றே வேலை நேரத்தையும் லீவையும் வரையறுத்துத் தனிச் சட்டம் வந்தது. 1948ம் வருஷச் சட்டத்தின் இடத்துக்கு, 2019ல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்திருக்கிறது. சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைத் தெரிந்து கொண்டு கேட்கிற சர்வருக்கும், அவருக்குப் பக்கத்தில் நிற்கிற நமக்குந்தான் பஞ்சம்.

நாம் இருக்கும் இந்தச் சாலைக்கு என்.எஸ்.கே. சாலை என்றும் ஒரு பெயர் உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கையில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்துப் பேர் வாங்கினவர். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், கலைவாணர் சாப்பிட வந்த தினம் ஒரு சர்வரின் பிள்ளைகளுக்குப் பால் உண்டு, கஞ்சன் வந்த தினம் இல்லை என்பது ஒரு சம்பள ஏற்பாடாகுமா? கொடுக்கிறவருடைய குணத்தை நம்பி ஒரு குடும்பம் எப்படி மாத வாடகை கட்டும்?

"அப்படியானால் எவ்வளவுதான் வைப்பது? அதைச் சொல்லும்" என்று நீங்கள் கேட்கலாம். சொல்லுகிறோம். கூலி சரியாக வரும் வரையில், டிப்ஸைக் கூலியின் ஒரு பாக்கியாக எண்ணிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொள்கையின் பேரால் கையை மூடிக் கொள்ளுவது, முதலாளி செய்கிற அநியாயத்துக்குத் தொழிலாளியைத் தண்டிப்பதாகும்.

அளவைப் பற்றி, பில்லில் நூற்றுக்குப் பத்து என்பது பட்டணத்தில் பலர் சொல்லும் கணக்கு. அது முழுதும் புத்திக்குப் பொருந்தவில்லை. எண்பது ரூபாய்க்கு இட்லியும் காப்பியும் சாப்பிட்டால் எட்டு ரூபாய், குளிர்சாதன அறையில் மூவாயிரத்துக்குச் சாப்பிட்டால் முந்நூறு ரூபாய் என்றாகிறது. இட்லிக் கடைச் சர்வர் சட்னிக்கும் சாம்பாருக்கும் நாலு தரம் ஓடுகிறார். ஓடின காலுக்குக் கொடுப்பதா, பண்டத்தின் விலைக்குக் கொடுப்பதா? ஆகவே சாதாரண ஓட்டலில் ஆளுக்குப் பத்து ரூபாய் என்று நாங்கள் வைத்துக் கொண்டிருக்கிறோம். ஒரு காப்பியை வைத்துக் கொண்டு ஒரு மணி நேரம் கதை பேசினாலும், குழந்தை சோற்றை இறைத்து வைத்தாலும், அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். பெரிய ஓட்டலில், சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பத்துப் பங்கைச் சர்வர் கையிலேயே கொடுத்துவிடலாம். நின்று கொண்டே தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடும் கையேந்தி பவனில், ஏந்தியிருப்பது நம் கையாதலால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கொடுக்க முடியாதவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஏ.வி.எம். ஸ்டூடியோ 1948ல் இங்கே வந்த காலத்திலிருந்து, சினிமாவில் ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்துக் கொண்டு, காசை எண்ணிச் சாப்பிடுகிறவர்கள் கோடம்பாக்கத்தில் எத்தனை பேர்! அப்படிப்பட்டவர் சாப்பாட்டின் விலையைக் கொடுத்தாலே போதும். அவரிடம் சர்வர் முகத்தைச் சுளிப்பாரானால் அதையும் நாம் கண்டிக்கிறோம். ஆனால் சட்டைப் பையில் ஆயிரக்கணக்கில் வைத்துக் கொண்டு இந்தச் சலுகைக்குள் நுழையப் பார்க்கிறவர் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ளட்டும்.

இன்னும் இரண்டொரு விஷயம். இலையை எடுத்து மேஜையைத் துடைக்கிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் பக்கம் தட்டு வருவதேயில்லை. எச்சில் தொடுகிற வேலையை இந்த நாடு யார் தலையில் கட்டி வந்தது, எந்த எண்ணத்தால் கட்டி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலையைச் செய்கிறவருக்குப் பங்கு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனியாகக் கொடுங்கள். இங்கிலாந்தில் டிப்ஸ் முழுவதையும் தொழிலாளர்களுக்கே நியாயமாகப் பங்கிட வேண்டுமென்று 2023ல் சட்டம் செய்து, 2024 அக்டோபரிலிருந்து நடத்துகிறார்கள். நம் நாட்டில் அப்படியொரு சட்டத்தை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

அன்றியும், இப்போது எல்லோரும் போன் மூலமாகவே பணம் கட்டிவிடுவதால், பில்லுக்குப் போக மீதிச் சில்லறை தட்டில் கிடந்த காலம் போய்விட்டது. நம் சௌகரியம் சர்வருக்கு நஷ்டமாகிவிட்டது. ஆகவே நாலு பத்து ரூபாய் நோட்டைப் பையில் வைத்துக் கொண்டு போவது நல்லது. பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், நேபாளத்திலிருந்தும் வந்து, தமிழ் சரியாகத் தெரியாமல் பரிமாறுகிறவருக்குக் குறைத்தும், சலாம் போடுகிறவருக்குக் கூட்டியும் கொடுப்பது, கூலியை மறுபடியும் இனாமாக்குவதேயாகும். விரலைச் சொடுக்கியும், "ஏய்" என்றும் கூப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களில் கடையும் ஓட்டலும் வைத்திருக்கும் தோழர்கள், தட்டில் விழுவதைக் கணக்கில் எடுத்துக் கொள்ளாமல் முழுச் சம்பளம் கொடுத்து மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும்.

ஆகவே தோழர்களே! சம்பளத்தில் கணக்கு நேராகும் தினத்தில், தட்டில் சோம்பு மட்டும் இருந்தால் போதுமென்று நாமே வந்து சொல்லுவோம். அது வரையில் பத்து ரூபாயை வைப்பதோடு, "உங்களுக்குச் சம்பளம் என்ன, லீவு உண்டா, சங்கம் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்திருங்கள். நாம் சொன்னது என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.