பால் பவுடர் டப்பாவில் ஓர் அடுப்பு
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அப்படியொரு நாளில் கரண்ட் போனால் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தும் பயனில்லை. அதற்கும், பிள்ளைகளோடு கூடாரம் போட்டுத் தங்கும்போதும் உதவும் சின்ன விறகடுப்பை நீங்களே செய்யலாம்.

பெரியதும் சிறியதுமாக இரண்டு தகர டப்பாக்கள், ஆணி, சுத்தியல், தகரம் வெட்டும் கத்தரி, அரம் போதும். கையுறை கட்டாயம். சிறிய டப்பாவின் அடியிலும், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் துளையிடுங்கள். உள்ளே மரக்கட்டை வைத்து அடித்தால் நசுங்காது. பெரிய டப்பாவைக் கவிழ்த்து, சிறியது நுழைந்து விளிம்பில் தொங்கும் அளவுக்கு அடித்தகட்டை வெட்டுங்கள். தரையை ஒட்டிய பக்கத்தில் பெரிய துளைகள் போடுங்கள். வெட்டிய ஓரங்களை அரத்தால் தேயுங்கள். பாத்திரம் வாயை அடைக்காதபடி மேலே மூன்று போல்ட்டுகளை நிறுத்துங்கள்.

இரு சுவர்களுக்கு நடுவே சூடாகி ஏறும் காற்று, மேல்துளை வழியே வந்து புகையையும் எரிக்கும். சுள்ளியும் கொட்டாங்குச்சியும் போதும். மழைக்கு முன்பே ஒரு பை காயவைத்து எடுத்து வையுங்கள்.

துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம். சூட்டில் நச்சுப்புகை வரும். முதல்முறை வெளியே வெறுமனே எரித்துப் பெயிண்ட்டைப் போக்குங்கள். வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் பற்றவைக்கவே கூடாது: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மொட்டை மாடியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு மட்டும்.

காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க வேண்டாம். மலைக்குப் போனால் அடுப்பு வீட்டிலேயே இருக்கட்டும், கட்டுச்சோறு போதும்.