மூடிய கலமும் சூடேறிய காற்றும்



வெல்டிங் என்று வழங்கும் பற்றவைப்புத் தொழிலைப் பயிலும் இளைஞர் பலர் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். நம்மவர் பட்டறைக்குள் பெரும்பாலும் உதவியாளாகவே நுழைகின்றனர். அவர்களுக்கு வேலையைச் சொல்வார்கள், காரணத்தைச் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் விடப்படும் அக்காரணங்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

எல்லாப் பக்கமும் அடைபட்ட ஓர் இரும்புக் கலத்தைப் பற்றவைக்கிறோம் எனக் கொள்வோம். கடைசி இடைவெளியை மூடும்போது, உருகிய உலோகம் கொப்பளித்து வெளியே தெறிக்கும். மீண்டும் மூடினால் மீண்டும் தெறிக்கும். மேஸ்திரி உங்கள் கையைக் குறை கூறுவார். குறை கையில் இல்லை. உள்ளிருக்கும் காற்று சூடேறி, விரிய இடமின்றி, இன்னும் இறுகாத உலோகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. இதற்கு மிகச் சிறிய அழுத்தமே போதும். ஆதலின், வேறோரிடத்தில் முன்னதாகவே ஒரு துளை இட்டு வைத்து, கலம் முழுதும் ஆறிய பின்னர் அதனைத் திருகாணியால் அடைப்பதே முறை.

இதன் கணக்கு எளியது. அடைபட்ட காற்றின் அழுத்தம் கெல்வின் அளவையில் கூறப்படும் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் உயரும். 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். 327 டிகிரி என்பது 600 கெல்வின். காற்று முழுதும் அவ்வளவு சூடேறினால் அழுத்தம் இரு மடங்காகும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் கூடும். 200 லிட்டர் பீப்பாயின் மூடி ஏறத்தாழ 57 செ.மீ. விட்டமுடையது. அதன்மீது உள்ளிருந்து விழும் விசை இரண்டரை டன்! பெரிய பீப்பாயில் ஒரு சிறு பற்றவைப்பினால் காற்று முழுதும் இவ்வளவு சூடேறாது என்பது உண்மையே. சிறு கலத்திலும் இருமுனையும் அடைத்த குழாயிலும் நிலைமை வேறு. நீர் உள்ளே தங்கியிருந்தால் இன்னும் கொடிது. 1 லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடம் வேண்டும். 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சிடும் ஆலைகள், அடைபட்ட குழாய்களில் துளையிடாமல் தொட்டியில் இறக்காததன் காரணம் இதுவே.

எனினும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த அழுத்தமன்று. பழைய எரிபொருளின் ஆவி. 'காலிப் பீப்பாய்தானே' என்பர். 200 லிட்டர் பீப்பாயில் மூன்று நான்கு தேக்கரண்டி பெட்ரோல் தங்கியிருந்தாலே, அதன் ஆவி காற்றுடன் கலந்து வெடிக்கும் அளவை எட்டிவிடும். டீசலோ, மடிப்புகளில் ஒட்டிக்கிடந்து, சூடு பட்டபின் ஆவியாகும். முகர்ந்து பார்த்து முடிவு செய்தல் ஆகாது. நீராவி செலுத்திக் கசடு நீங்கக் கழுவி, வாயு அளக்கும் கருவியால் சோதித்து, பற்றவைக்கும் இடத்தின் அருகு வரை நீர் நிரப்பி, வாயைத் திறந்தே வைத்து வேலை செய்தல் வேண்டும். ஆக்சிஜனை உள்ளே செலுத்தி ஊதுவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

எரிபொருள் இருந்த கலத்தை அது நீங்கச் செய்யாமல் பற்றவைக்கலாகாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37ஆம் பிரிவே விதித்தது. சாலையோரச் சிறு பட்டறைகளுக்கு அச்சட்டம் எட்டவில்லை. அங்கே, 'இதில் முன்பு என்ன இருந்தது?' என்று கேட்கும் உதவியாளை வம்பன் என்பர். பீப்பாயின் மூடிப் பக்கத்தில் அதனைப் பிடித்துக்கொண்டு நிற்பவனும் அவனே. ஆகவே அவன்தான் முதலில் கேட்க வேண்டும். விடை கிடைக்கும் வரை பீப்பாயைத் தொடலாகாது.