பட்டாளமும் படிப்பும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



'படைத்தொழிலும் அதன்கண் முன்னேற்றமும்' என்னும் பொருள்பற்றிச் சில கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். தமிழ் கற்பிக்கும் பண்டிதனுக்கும் படைக்கும் யாது தொடர்பு எனச் சிலர் எண்ணுதல் கூடும். தொடர்பு உண்டு. நம் பிள்ளைகள் வகுப்பறையிலிருந்தே படைக்குச் செல்கின்றனர். அவர்தம் பெற்றோர் வழக்கமாகக் கூறும் மொழி, "படிப்பு ஏறவில்லை, பட்டாளத்திற்காவது போகட்டும்" என்பதாம். இத்தொடரில் உள்ள 'ஆவது' என்னும் இடைச்சொல் நம் சமூகத்திற்குப் பெருங்கேடு விளைக்கின்றது. கல்வியைக் கைவிட்டவனுக்குப் படையில் நுழைதலே அரிது. நுழைந்தபின் உயர்தல் அதனினும் அரிது. இதனை நம் நெல்லைச் சீமையின் வரலாறு கொண்டே காட்டுவேன்.

மருதநாயகம் எனவும் கான் சாகிபு எனவும் வழங்கப்பெறும் யூசுப்கானை நீவிர் அறிவீர். எளிய நிலையிற் பிறந்து சிப்பாயாய்த் தொடங்கியவர் அவர். 1752-ஆம் ஆண்டை ஒட்டித் திருச்சிராப்பள்ளியில் நிகழ்ந்த போரில் கும்பினியார் பக்கம் நின்று பெயர் பெற்றார். அவர் பெற்ற பெயர் வாள் வீச்சால் மட்டும் வந்ததன்று. உணவுப் பொதிகளைப் பகைவர் கையிற் படாமல் முகாமிற்குக் கொண்டு சேர்த்தலிலும், ஒற்றறிதலிலும், வழியறிதலிலும் அவர் வல்லவர். பன்மொழி பேச வல்லவர். இவற்றால் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராகிப் பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆளும் நிலையையும் எய்தினார். 1761-இல் நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்தியவரும் அவரே. அதனை நாம் மறைத்தல் வேண்டா. தாம் ஆண்ட சீமையைத் தாமே ஆள முற்பட்டபோது, எந்தக் கும்பினியார்க்கு உழைத்தாரோ அவரே நவாபுடன் சேர்ந்து அவரை முற்றுகையிட்டனர். 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் மதுரையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நம்மவர் ஏறிய ஏணி, சுபேதார், சுபேதார் மேஜர் என்னும் படிகளோடு முடிந்தது. முப்பதாண்டு உழைத்து நரை கண்ட சுபேதாரும், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார இளைஞனுக்குச் சலாம் வைத்து நிற்றல் வேண்டும். அதன்மேல் மற்றொரு தீங்கும் நேர்ந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் என்பார், தென்னாட்டார் மறத்தன்மை இழந்தவர் என்னும் கருத்தைப் பரப்பினார். பின்னர் அவர் இந்தியா முழுமைக்கும் தளபதியானார், அக்கருத்தே கொள்கையாயிற்று. தென்னாட்டுப் படைகள் புறக்கணிக்கப்பட்டன.

நம் பாளையங்கோட்டையின் பெயரையே தாங்கிய காலாட்படை ஒன்று அந்நாளில் இருந்தது. 63-ஆம் எண் பெற்றது. 1914 நவம்பரில் அப்படை கிழக்காப்பிரிக்காவின் டாங்கா துறையில் இறக்கப்பட்டது. பல நாள் கப்பலில் அடைபட்டுச் சோர்ந்த வீரர், போர்க்களத்தை முன்னறியாது நின்றனர். அப்போரில் ஆங்கிலேயர் பக்கம் தோற்றது. புறக்கணிக்கப்பட்ட படை தோற்கும்; தோற்றபின் அத்தோல்வியே மேலும் புறக்கணித்தற்குச் சான்றாகும். அவ்வுலகப் போர் முடிந்தபின் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போதே மதராஸ் ரெஜிமெண்டு மீண்டும் எழுந்தது.

ஆயினும் ஒன்று கருதுக. காலாட்படைகள் கலைந்த அக்காலத்தும், பெங்களூரைத் தலையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர் படை கலையவில்லை. பாலம் அமைத்தல், பாதை சமைத்தல், வெடிவைத்தல் ஆகிய தொழில்களை அப்படையினர் அறிவர். 'தம்பிகள்' என இன்றும் அன்போடு அழைக்கப்பெறும் அவரை, இழிவுரை பரப்பியவராலும் விலக்க இயலவில்லை. வீரமிலர் என்று எவரும் சொல்லிவிடலாம். பாலம் கட்டி நிற்பவனைத் தொழிலறியான் என்று சொல்லுதல் யார்க்கும் ஒல்லாது. கல்வியின் காவல் இத்தகையது.

இக்காலத்தில் அவ்வேணியின் தடை நீங்கிவிட்டது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த தளபதி பி. பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைக்கே தலைவராயிருந்தார். அவர் செல்வக் குடியிற் பிறந்து அதிகாரியாகவே நுழைந்தவர் என்பீர், உண்மையே. ஆதலின் எளியோர்க்குரிய வாயில்களைக் கூறுவேன்.

முதலாவது, அதிகாரியாகும் வாயில். உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடைபெறுகின்றது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பின்பின் தேர்வெழுதிப் புனேயை அடுத்த கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்திற் சேரலாம். 2022 முதல் அங்குப் பெண்மக்களும் பயில்கின்றனர். பட்டம் பெற்றோர்க்குப் பரங்கிமலையிலேயே பயிற்சிக் கழகம் உண்டு. தாய்மார்களே! உங்கள் பெண்களுக்கும் இவ்வாயில் திறந்துளது.

இரண்டாவது, சிப்பாயாகும் வாயில். லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் எனப் படிகள் உள்ளன. படிதோறும் பயிற்சியும் தேர்வும் உண்டு. நிலப்படம் படிக்கத் தெரிதல் வேண்டும். ஆயுதப் பாடம் பிறர்க்குக் கற்பிக்க வல்லனாதல் வேண்டும். இந்தி பேசவும் எழுதவும் அறிதல் வேண்டும். ஒவ்வொரு பதவிக்கும் பணியாண்டு வரையறை இருத்தலின், உயராதவன் முதுமைக்கு நெடுங்காலம் முன்னரே வீடு திரும்புவான். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய நிலையான சிப்பாயோ, டேராடூனிலுள்ள படைமாணாக்கர் கல்லூரி வழியாகப் பட்டம் பெற்று அதிகாரியும் ஆகலாம். யூசுப்கான் போராடி ஏறிய உயரத்திற்கு இன்று தேர்வெழுதி ஏறலாம்.

இனி, நம்மை நேரே தொடும் செய்தி. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி, சேரும் இளைஞனுக்குப் பணி நான்கே ஆண்டு. முதலாண்டு மாதம் 30,000 ரூபாய். நான்காம் ஆண்டு 40,000 ரூபாய். அதில் நூற்றுக்கு முப்பது பிடித்து, அரசாங்கமும் அதே அளவு சேர்த்து, முடிவில் ஏறக்குறைய 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் தரும். ஓய்வூதியம் இல்லை. அத்திட்டம் வகுத்தபடி நிலையான பணிக்குத் தெரிந்தெடுக்கப்படுவோர் நூற்றுக்கு இருபத்தைந்தின் மேற்படார். நால்வர் சென்றால் மூவர் திரும்புவர். திரும்புவோன் இளைஞனாகவே இருப்பான். அவன் கையில் பணம் இருக்கும், கல்வி இருக்குமா?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் வைகறையில் ஓடிப் பழகும் இளைஞரைக் காணும்போது என் நெஞ்சு பூரிக்கின்றது. ஆயின் 2023 முதல் எழுத்துத்தேர்வே முன்னர் நடைபெறுகின்றது, அதுவும் கணிப்பொறியில். அதில் தேறாதவன் 1,600 மீட்டரை எத்துணை விரைவாக ஓடவல்லனாயினும் ஓடுகளத்தையே காணான்.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: சங்கக் கட்டிடத்தில் கணக்கு, பொது அறிவு, ஆங்கிலம், இந்தி ஆகியவற்றிற்கு இரவு வகுப்புத் தொடங்குக, கூலியின்றிக் கற்பிக்க யான் உடன்படுகின்றேன். இரண்டு: படையிலிருந்து ஓய்வுபெற்ற நம் பெரியோர் வாரம் ஒரு நாள் வந்து நிலப்படமும் படை நடைமுறையும் சொல்லித் தருக. மூன்று: நான்காண்டு முடித்துத் திரும்பும் பிள்ளையின் பணத்தைத் தமக்கையின் திருமணத்திற்கோ வீட்டின் மாடிக்கோ செலவிடாது, ஒரு பகுதியையேனும் அவன் மேற்படிப்பிற்கென ஒதுக்குக. அப்பணம் அவன் இளமையின் விலை.

வள்ளுவனார் பொருட்பாலில் கல்வியை முன்வைத்தார். படைமாட்சியையும் படைச்செருக்கையும் பின்வைத்தார். அம்முறையே நம் இல்லங்களிலும் நிலவுக. பொருநைக் கரையில் பிறந்த நம் மக்கள் கற்றவராய்ப் படையிற் புகுந்து, உயர்ந்தவராய் மீள்க என வாழ்த்தி அமைகின்றேன்.