சாலைப் பாதுகாப்பில் தொழில்நுட்பம் – நம் பங்கு என்ன?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அனந்தபுரத்துக்காரன். இப்போது வண்டிகளின் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். "டெக்னாலஜி பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என்று நாலா பக்கமிருந்தும் பஸ்ஸிலும் டூவீலரிலும் வந்து படித்தவர்கள் நாம். ஆகவே ரோட்டைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் 2016-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,218 பேர். 2019-ல் அது 10,525 ஆகக் குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் 2022-ல் மறுபடியும் 17,884. 2023-ல் 18,000-ஐயும் தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் டெக்னாலஜி வராமல் இல்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி-க்கு மேற்பட்ட புது டூவீலர்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. டோல்கேட்டில் உள்ள கருவி அனுப்பும் ரேடியோ அலையிலேயே சக்தி வாங்கிக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிடும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பொங்கல் நேரத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அப்படியிருந்தும் சாவு ஏன் குறையவில்லை?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை செகண்ட் ஆகும். அதற்குள் 25 மீட்டர் போயாச்சு. நல்ல ரோடு, நல்ல டயர் என்றால் பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னொரு 23 மீட்டர். மொத்தம் 48 மீட்டர். அதுவே 80 கிலோமீட்டர் வேகம் என்றால் கிட்டத்தட்ட 75 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

இப்போது நம்ம ஊர் ரோட்டுக்கு வாருங்கள். கரும்பு அரவை சீசன். ராத்திரி எட்டு மணி. பாரம் தாங்காமல் பஞ்சராகி ஓரத்தில் நிற்கிற கரும்பு டிரெய்லர். பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. டிம் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் 40, 50 மீட்டர்தான் மிச்சம் இருக்கும். 60-ல் வந்தால் மயிரிழையில் தப்பலாம். 80-ல் வந்தால் தப்ப வழியே இல்லை. ஏ.பி.எஸ். சக்கரம் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாததை அது காட்டாது. எங்கள் செட்டில் ஒருவன் இப்படித்தான் போனான். அவன் குடித்திருக்கவில்லை, ஹெல்மெட்டும் போட்டிருந்தான்.

இதற்கு மருந்து ஒளி திருப்பும் ஸ்டிக்கர் டேப். நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதித்த டேப் அது. எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வருகிறதோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும். நூறு மீட்டருக்கு அப்பாலேயே மின்னும். கரன்ட் வேண்டாம், ரிப்பேர் கிடையாது. செலவும் பெரிதில்லை. பெரிய டெக்னாலஜி என்று நாம் மதிக்காத இதுதான் நம்ம பக்கத்துக்கு முதலில் வேண்டியது.

அடுத்தது, விபத்து நடந்த பிறகு. 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2010-லிருந்து முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 டிசம்பரில், இதே திண்டிவனம் சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது என்பதே அதன் சாரம். அடிபட்டவரைத் தூக்கிப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றமும், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவி செய்தவருக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டன. பெயரைச் சொல்லவும் கட்டாயம் இல்லை. தைரியமாகத் தூக்குங்கள்.

மூன்றாவது, தகவல். சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கிய 'ஐராட்' முறையில், 2021 முதல் போலீஸார் விபத்து நடந்த இடத்தை செல்போனிலேயே பதிவு செய்கிறார்கள். எந்த வளைவில் திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்று அது காட்டிக் கொடுக்கும். காட்டிக் கொடுக்கத்தான் அதனால் முடியும். புதரை வெட்டவும், தெருவிளக்கு போடவும், சாலை நடுவில் கோடு போடவும் மனுஷன்தான் போக வேண்டும். வியாதியைக் கண்டுபிடித்துவிட்டு மருந்து கொடுக்காமல் இருந்தால் யாருக்கு லாபம்?

பஸ் விஷயமும் உண்டு. 2022-ல் சென்னையில் மாநகர பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் பார்க்கும் வசதி வந்தது. நம்ம ஊர் மாணவன் ஏன் படியில் தொங்குகிறான்? அடுத்த பஸ் எப்போது என்று அவனுக்குத் தெரியாது. பத்து நிமிஷத்தில் வருகிறது என்று தெரிந்தால் பாதிப்பேராவது காத்திருப்பார்கள்.

தம்பி தங்கைகளே, ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறீர்கள். ரெண்டு தலைப்பு தருகிறேன். அனந்தபுரத்திலிருந்து விழுப்புரம் வரை இருட்டான வளைவுகளைக் கணக்கெடுத்து, படத்தோடு நெடுஞ்சாலைத் துறைக்குக் கொடுங்கள். கொடுத்த தேதியையும் சரிசெய்த தேதியையும் கல்லூரி நோட்டீஸ் போர்டில் எழுதி வையுங்கள். இன்னொன்று, அரவை தொடங்குமுன் ஊர் ஊராகப் போய் டிரெய்லர்களுக்கு டேப் ஒட்டுங்கள். டேப் செலவுக்கு எங்கள் செட் பொறுப்பு. மேடையிலேயே சொல்லிவிட்டேன், இனி யாரும் பின்வாங்க முடியாது!

படிப்பு நமக்குக் கொடுத்தது கணக்குப் போடும் திறமை. அந்த 48 மீட்டர் கணக்கை உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இன்றைக்கே சொல்லுங்கள்.