சூதாட்ட இயந்திரமும் பழைய இரும்பும்

 

பழைய இரும்பு வியாபாரம் ஹலாலான தொழில். ஆனால், வாங்கிய சரக்கில் சூதாட்ட இயந்திரம் ஒன்று இருந்தால்? முழுதாக விற்றால் நல்ல விலை. உடைத்தால் எடைக்குரிய காசு மட்டுமே.

சூதாட்டத்தை விட்டு விலகுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (5:90). பாவத்திற்குத் துணைபோவதையும் தடுக்கிறான் (5:2). ஆகவே, சூதாட்டத்திற்கென்றே செய்யப்பட்ட கருவியை அதே உருவில் விற்பது கூடாது. அவ்வியாபாரம் செல்லவும் செல்லாது. வாங்குபவர் முஸ்லிமல்லாதவர் என்பதும் காரணமாகாது. மீண்டும் பயன்படாதவாறு உருவைச் சிதைத்துவிட்டால், எஞ்சும் இரும்பையும் செம்பையும் விற்கலாம். இதுவே ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம், 25 ஆண்டுகளைக் கடந்த இயந்திரத்தைச் சூதாடாமல் வைத்திருக்க இடமளிக்கிறது. மார்க்கச் சட்டமோ வயதைப் பார்ப்பதில்லை. அது எதற்கான கருவி என்றே பார்க்கிறது.

"நஷ்டமாகுமே!" என்கிறீர்களா? அநாதைகளுக்கு வாரிசுரிமையாக வந்த மதுவைப் பற்றி அபூதல்ஹா (ரலி) அவர்கள் கேட்டபோது, அதைக் கொட்டிவிடுமாறே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (அபூதாவூத்). அநாதைகளின் சொத்துக்கே சலுகையில்லை! நமக்கோ உலோகத்தின் விலையாவது ஹலாலாக மிஞ்சுகிறது.

சகோதரர்களே! நாம் விற்கும் இயந்திரம் இன்னொரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடக் கூடாது. குறைந்தாலும் தூய்மையான வருவாயை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.