கைத்தொழிலும் மறைப்பணியே
(பொன்விழா நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஆலயம் எழுந்த வரலாற்றையும், அதற்காக உழைத்த முன்னோரின் தியாகத்தையும் எமக்கு முன் பேசியவர்கள் அழகாக எடுத்துரைத்தார்கள். நாம் சொல்ல வந்தது, இப்பங்கின் ஓலை முடையும் தாய்மார் அறுவர் செய்த ஒரு மறைப்பணியைப் பற்றியது.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு மே மாதம், இப்பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த நாமும் அத்தாய்மாரும் அக்கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டு நாள் தங்கினோம். அங்கே அரிசி வந்திருந்தது, சேலை வந்திருந்தது, பாத்திரமும் வந்திருந்தது. வேலை மட்டும் வரவில்லை. படகுகள் உடைந்து கிடந்தன. மீன் விற்றுப் பிழைத்த பெண்கள், கூடை காலியாகக் கிடக்க, வரிசையில் நின்று வாங்குவதையே நாள் முழுதும் செய்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் அன்றாட வாழ்க்கை எளிமையானது. விடியுமுன் திருப்பலி. வெயில் ஏறுமுன் ஊரோரப் பனைகளில் குருத்தோலை வெட்டி வந்து காயப்போடுவோம். தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளுக்குள் பகலில் இருக்க முடியாது. ஆகவே, பூவரச மரத்தடியில் அமர்ந்து, ஈர்க்கு நீக்கி, ஓலை வார்ந்து, நனைத்து முடைவோம். மாலையில் சாயம் காய்ச்சுவோம். இரவில் செபமாலை, அதன்பின் ஊராரோடு பேச்சு.

முதல் இரண்டு நாள் யாரும் வரவில்லை. நம் தாய்மாரும் யாரையும் கூப்பிடவில்லை. தம் வேலையைத் தாம் செய்தார்கள். மூன்றாம் நாள் ஓலைக் கிலுகிலுப்பை கேட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். யாரும் யாரிடமும் மதம் கேட்கவில்லை. ஓலை வார்ந்துகொண்டே, கடல் கொண்டுபோனவர்களின் பெயரை ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். கைக்கு வேலை கிடைத்தபோது வாய்க்கும் வார்த்தை கிடைத்தது.

பத்தாம் நாள், முடைந்த பெட்டிகளை வேளாங்கண்ணிக்கு எடுத்துச் சென்றோம். அங்கேதான் ஆசிரியர்கள் மாணவர்கள் ஆனார்கள். வியாபாரி கொடுத்ததை வாங்கிப் பழகிய நம் தாய்மாருக்கு விலை சொல்லக் கூச்சம். கரையில் ஏலம் கூவி, தெருத்தெருவாய் மீன் விற்ற அந்த அம்மாக்களுக்கோ அது கைவந்த கலை. அவர்களில் ஒருவர், "விலையை நீ சொல்லு அக்கா, வாங்குறவங்களைச் சொல்ல விடாதே. பேசாம நின்னா உன் பாட்டுக்கு விலை இறங்கும்" என்றார். நாம் முடையக் கற்றுக்கொடுத்தோம். அவர்கள் விற்கக் கற்றுக்கொடுத்தார்கள். படகுகள் மீண்டும் கடலுக்குப் போனதும், பெரும்பாலோர் மீன் விற்கவே திரும்பிவிட்டார்கள். அது அவர்கள் தொழில். திரும்பியதே நமக்கு மகிழ்ச்சி.

இது புதுமையன்று. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த சீர்திருத்த சபையினரான மால்ட் தம்பதியருள் மார்த்தா அம்மையார், அங்குள்ள பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழியுமுன்பே, அந்தக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள். அவர் மகளும் கால்டுவெல் ஐயரின் துணைவியுமான எலைசா, அத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டரின் சபைக் கன்னியரும் பின்னலும் பூத்தையலும் கற்பித்தார்கள். ஊசியும் நூலும் விடுதலையின் கருவிகளாயின.

திருத்தூதர் பணி நூலில் யோப்பா என்னும் கடற்கரை நகரின் தபித்தாவைக் காண்கிறோம். அவர் இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டியது என்ன? தபித்தா செய்துகொடுத்த ஆடைகளை! அவருடைய கைவேலையே அவருக்காகச் சாட்சி சொன்னது.

அன்பார்ந்தவர்களே, தொலைவில் உள்ளவர்களுக்கு உதவ நாம் ஓடுகிறோம். நம் ஆலய வாசலில் பெட்டி விற்கும் தாயிடம் என்ன செய்கிறோம்? ஐந்து ரூபாய் குறைக்கக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறோம். துணிக்கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். கற்றுக்கொடுத்த தொழிலுக்கு நியாய விலை கிடைக்கவில்லையென்றால், அம்மறைப்பணி பாதியிலேயே நின்றுவிடும்.

ஆகவே, இந்தப் பொன்விழா ஆண்டில் ஒரு வேண்டுகோள். நம் வீட்டுத் திருமணத்துக்கும் புதுநன்மை விழாவுக்கும் பலகாரப் பெட்டிகளை நம் தாய்மாரிடமே சொல்லி வையுங்கள். ஒரு பெட்டி முடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் கேளுங்கள்; விலையைப் பிறகு கேளுங்கள். கேட்ட விலையை மனமுவந்து கொடுங்கள்.

உழைக்கும் கைகளை இறைவன் ஆசீர்வதிப்பாராக.